நடந்துபோன வெந்நீர்க் கிணறு

பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எடெல்காவின் வெந்நீர்க் கிணறு தன் இடத்தை விட்டு எழுந்து மேற்கே நடக்க ஆரம்பித்தது. ஒரு மைலுக்கு மேல் ஆழமுள்ள கிணறு அது. இரும்புக் குழாயும் வால்வும் தலையில் ஆட, முழு ஆழத்தையும் கூட்டிக்கொண்டு போயிற்று. போன வழியில் மண் பிசைந்த மாவு போல மூடிக்கொண்டது. திஸா ஆற்றங்கரையில் கிஷ்ஹாலோம் ஊர்க்காரர்களான எங்களுக்கு நடக்கிற கிணறு புதிதுதான். ஆனால் குளிர் உறைநிலைக்கும் பதினெட்டு டிகிரி கீழே இருந்ததால் யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. எல்லோரும் பின்னாலேயே ஓடினோம்.

எடெல்காவின் கண்ணாடிக் குடில்களில் குடைமிளகாய்ச் செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்றிருந்தன. அந்தத் தண்ணீர் கொதிக்காது, கை பொறுக்காத சூடு, அவ்வளவுதான். ஆனால் குழாய்களில் அது ஓடிக்கொண்டிருக்கும்வரை செடிகள் இது மே மாதம் என்று நம்பின. குழாய் ஆறிவிட்டால் பொழுது சாய்வதற்குள் அத்தனையும் கருகும். புருஷன் விட்டுப் போன பிறகு தனியாளாக அவள் நிமிர்த்திய தோட்டம் அது. அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது, போக்கிடமும் கிடையாது.

செடிகளைச் சுற்றி வந்த தண்ணீரை முப்பது வருஷமாகக் கால்வாயில் விட்டோம். அதனால் எங்கள் கால்வாய் பனிக்காலத்திலும் இளஞ்சூடாக இருக்கும். ஆண்கள் மார்பளவு நீரில் நின்று, மிதக்கும் பலகையில் சதுரங்கம் ஆடுவார்கள். அவர்களுக்குத் தலைவன் பக்கத்து வீட்டு வென்டெல். வெளியே இரண்டு கைத்தடி ஊன்றி நடக்கிற மனுஷன், அந்தத் தண்ணீருக்குள் சிப்பாய் மாதிரி நிற்பான். கிணற்றில் மட்டம் மட்டும் வருஷா வருஷம் இறங்கியது, நாங்களும் பம்பை இன்னும் கீழே இறக்கினோம். பயன்படுத்திய தண்ணீரைப் பூமிக்கே திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு பொறியாளர் வந்து சொன்னபோது, அவருக்குப் பழச்சாராயம் ஊற்றிக் கொடுத்து, முதுகில் தட்டி பஸ் ஏற்றிவிட்டோம். எங்கள் புத்தி அப்படி.

கிணறு வாத்து நடையில் கால்வாயைக் கடந்தது. கையில் ஒரு சதுரங்கக் காயோடு தண்ணீருக்குள் நின்றிருந்த வென்டெல் அதை ஏற இறங்கப் பார்த்தான்.

“முப்பது வருசமா அது வீட்டுச் சோத்தத் தின்னுருக்கோம் எடெல்கா. ஒரு தட்டாச்சும் திருப்பி அனுப்புனமா?”

எங்கள் ஊரில் பன்றி அறுத்தால் அக்கம்பக்கத்துக்கு ஒரு தட்டு போகும். வாங்கியவர்கள் தங்கள் முறை வரும்போது திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு குளிர்காலம் தவறினால் பேச்சு நின்றுவிடும். அதனால் வென்டெல் சொன்னது எல்லோருக்கும் உடனே புரிந்தது, தப்பாகப் புரிந்தது. தடபுடலாக வீட்டுக்கு வீடு ஓடி ரத்தத் தொத்திறைச்சி, வறுத்த கொழுப்பு, ஈரல் எல்லாம் கொண்டுவந்து கிணற்று வாயில் போட்டோம். கிணறு நின்றது, யோசித்தது, பிறகு ஒவ்வொன்றாகத் துப்பியது. எல்லாம் பதமாக வெந்திருந்தன. வென்டெல் ஒன்றைத் தின்று பார்த்து உப்பு போதாது என்றான். கிணறு முன்னைவிட வேகமாக நடந்தது.

எடெல்கா பனியில் உட்கார்ந்து அழுதாள். ஊரே பார்க்க அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாளியைக் கால்வாயில் முக்கி, ஓடிப்போய்க் கிணற்றில் ஊற்றினாள். மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. கிணறு ஓரடி பின்னால் வந்தது.

என்ன ஆரவாரம் அது! வாளி, அண்டா, குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வரிசை கட்டினோம். ஆனால் ஒரு வாளிக்கு ஓரடிதான், சூரியனோ இறங்கிக்கொண்டிருந்தது. கால்வாய்த் தண்ணீர் முழுவதையும், இனி வருவதையும், பூமிக்கே திருப்ப வேண்டும். தண்ணீரை மேலே தந்துகொண்டிருக்கும் வாய்க்குள்ளேயே அதைத் தள்ளவும் முடியாது. கூட்டுப்பண்ணைக் காலத்தில் தோண்டிக் கைவிட்ட ஆழ்துளைக் குழி ஒன்று அதே ஆழத்துக்குப் போகிறது, அது வென்டெலின் கோடைச் சமையலறைத் தரைக்கு அடியில் கிடக்கிறது. திருப்பினால் கால்வாய் செத்தது.

“என் முட்டிக்கு நீயா பதில் சொல்லுவ?”

“செடி சாகுதுண்ணே,” என்றாள் எடெல்கா.

வென்டெல் கையிலிருந்த காயைப் பலகையில் வைத்தான். “ஆட்டம் நிக்கட்டும். எவனும் காயத் தொடக் கூடாது,” என்று சொல்லிவிட்டு, ஆவி பறக்கும் உடம்போடு அரைக்கால் சட்டையில் கரையேறினான். சமையலறைத் தரையில் முதல் கடப்பாறையைத் தானே போட்டான். கால்வாய்த் தண்ணீர் குழிக்குள் இறங்கியதும் கிணறு திரும்பியது. அப்போது அது நடக்கவில்லை, ஓடியது. பழைய இடத்துக்கு ஒரு முழம் இடதுபுறமாக நின்று கொண்டது. அந்த முழத்துக்குக் குழாய் வளைத்துப் பூட்டினோம். ஓரத்து வரிசை ஒன்று கருகியது, மற்றதெல்லாம் பிழைத்தது. எடெல்கா செடி செடியாகத் தொட்டுப் பார்த்தாள், நாங்கள் வெட்கமில்லாமல் கூத்தாடினோம்.

கால்வாய் உறைந்தது. எடெல்கா தண்ணீரைக் குழிக்கு விடும் முன் வென்டெல் வீட்டுத் தரைக்கு அடியில் சுற்றவிட்டாள். கால்வாய் மாதிரி வருமா என்று அவன் ஞாயிறுதோறும் முணுமுணுப்பான், அவள் காபி குடித்துக்கொண்டே கேட்பாள். கிணற்றில் மட்டம் வருஷத்துக்குக் கொஞ்சமாக ஏறுகிறது.

அடுத்த ஜனவரியில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க் கிணறு ஒன்று, பின்னால் யாரும் வராமல் தனியாக நடந்து வந்து வென்டெல் வீட்டுப் படலுக்கு வெளியே நின்றது. அவன் கொக்கியைக் கழற்றிவிட்டு, பிளம் மரத்து வேரை மிதிக்காமல் ஓரமாக நிற்கச் சொன்னான்.