நாங்க சாயா குடிக்கப் போலாமா

முத்துமாரிக்கு அன்று டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. சந்தோஷமாக இருக்க வேண்டிய நாளில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தாள். காரணம் தேர்வு இல்லை, கௌசிக்.

முந்தின நாள் சாயங்காலம் பம்பாய் மாட்டுங்கா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், தோளில் மிருதங்கப் பையோடு நின்றுகொண்டு அவன் சொன்னான்: "ஆத்துல பேசிட்டேன், மாரி. தையில நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு பாக்கறேன். நீ என்ன சொல்றே?"

நாங்க என்றால் யார்? அவனும் ருக்குவும்தான், வேறு யார்? ருக்கு பாடுகிறவள், இவன் அவளுக்கு வாசிக்கிறவன். பல்கலைக்கழகத்தில் இரண்டு பேரும் இசை ஆராய்ச்சி, இரண்டு பேருக்கும் வீடு செம்பூர். ஜோசியர்கூடத் தேவைப்படாத பொருத்தம். முத்துமாரி "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற ரயிலில் ஏறிவிட்டாள். அவள் வீடோ நடக்கிற தூரத்தில், லேபர் கேம்பில் இருந்தது; ரயிலே வேண்டாம். அடுத்த ஸ்டேஷன் தாதரில் இறங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

கேன்டீனில் தினமும் அவனோடு சாயா குடிப்பாள். அவனைப் பிடிக்கும் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை, அவனிடமும்தான். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு இப்போது அழுதால் யாரை நோவது?

இந்த இடத்தில் அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டால் 'நாங்கள்'. தமிழில் இந்த இரண்டும் வேறு வேறு. இந்திக்கு ஒரே 'ஹம்', இங்கிலீஷுக்கு ஒரே 'வீ'. பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இந்த இரண்டையும் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. போனில் பதிவு செய்துகொண்டு தாராவிக்கும் செம்பூருக்கும் வருஷக்கணக்காக அலைந்தாள். தாராவிப் பிள்ளைகள் வாயில் இரண்டும் கெட்டியாக இருந்தன. செம்பூர்ப் பிள்ளைகள் சிலர், வீட்டிலும் பாதி இந்தி பேசுகிறவர்கள், எல்லாவற்றுக்கும் 'நாங்க' என்று முடித்துக்கொண்டார்கள்.

தேர்வு நடந்த கூடம் பல்கலைக்கழகத்தின் பழைய கருங்கல் கட்டிடத்தில் இருந்தது. வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் மேஜைமேல் சிவப்பும் நீலமுமாக விழுந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கடைசியில் கேள்வியும் கேட்கலாம் என்பது அங்கே வழக்கம். அதனால் அம்மா சண்முகவடிவு பட்டுச் சேலையும் பேடா டப்பாவுமாக, அக்கம்பக்கத்துப் பெண்களையும் திரட்டிக்கொண்டு வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்டாள்.

"ஏட்டி, நாங்க சும்மா உக்காந்திருந்தா போதும்லா? எங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாவல்லா?"

"கேக்க மாட்டாங்கம்மா. சத்தம் போடாம இருங்க."

கடைசி வரிசையில் கௌசிக் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் ருக்கு. அவன் முகம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவன் முகம்போல இருந்ததை முத்துமாரி கவனிக்கவில்லை. ஜோடியாகப் பத்திரிகை கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

புனேயிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மராத்திக்காரர், கண்ணில் குறும்பு உள்ள அம்மாள். தங்கள் மொழியிலும் இதுபோல இரண்டு உண்டு என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். பிறகு இங்கிலீஷில் ஒரு கேள்வியைப் போட்டார்: "இந்த வேறுபாடு அழிந்தால் அர்த்தம் கெட்டுப்போகும் என்று கடைசி அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள். எங்கே கெட்டது? சந்தர்ப்பத்தை வைத்து எல்லோரும் புரிந்துகொண்டுவிடுகிறார்களே. நிஜமாகவே ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்ட சம்பவம் ஒன்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்."

முத்துமாரியிடம் அப்படி ஒரு சம்பவம் இல்லை. வேறு வழியில்லாமல், "ஒரு பதிவைப் போட்டுக்காட்டுகிறேன்" என்றாள். பேசுபவர் செம்பூர், ஆண் என்று மட்டும் குறிப்பு. விசையைத் தட்டினாள்.

கூடம் முழுக்க கௌசிக்கின் குரல் கேட்டது: "மாரி, நாங்க சாயா குடிக்கப் போலாமா?"

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். சண்முகவடிவு பக்கத்துப் பெண்ணிடம், "அவனுவ குடிக்கப் போறதுக்கு இவகிட்ட என்னத்துக்குக் கேக்கான்?" என்றாள்.

முத்துமாரி சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்த 'நாங்க'வோடு போய்ச் சாயா குடித்தவள் அவள்தான். 'நாங்க படம் பாக்கலாமா', 'நாங்க நடந்தே போலாமா' என்று அவன் கூப்பிட்ட எல்லாவற்றுக்கும் போனவளும் அவள்தான். அத்தனையையும் பதிவு செய்து, அட்டவணை போட்டு, அதைப் பற்றி அத்தியாயம் எழுதியவள், நேற்று ஒருநாள் மட்டும் அவன் பேசியதை அப்படியே நம்பி தாதர் வரை போய்விட்டாள்.

ஒருவேளை இப்போது நினைப்பதுதான் தப்போ? நிஜமாகவே ருக்குவாக இருந்தால்? அத்தனை பேர் முன்னால் மானம் போகும். போனால் போகட்டும் என்று நிமிர்ந்தாள்.

"ஒரு சம்பவம் இருக்கிறது, மேடம். நேற்று நடந்தது. இதே பேச்சாளர் ஒரு பெண்ணிடம், 'தையில நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு பாக்கறேன்' என்றார். அவருக்கும் வேறு ஒருத்திக்கும் கல்யாணம் என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். 'நல்லா இருங்க' என்று வாழ்த்திவிட்டுப் போய் அழுதாள். அவர் கேட்டது அவளைத்தானோ என்று அவளுக்கு இப்போதுதான் தோன்றுகிறது. நிச்சயமாகத் தெரியவில்லை. பேசியவரைக் கேட்டால்தான் தெரியும்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பேச்சாளரைக் கேட்க முடியுமா?"

கடைசி வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. கௌசிக் எழுந்துவிட்டான். "மேடம், நான் ஒரு கேள்வி கேட்கலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டுத் தமிழுக்குத் தாவி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். "மாரி, நாம... நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? இந்த வாக்கியம் சரியா இருக்கா?"

"இவனுக்கும் எனக்கும்னா நெனைச்சே?" என்றாள் ருக்கு. "தாளத்துக்கே எங்களுக்கு ஒத்துவராதுடீ."

முத்துமாரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷம் அவள் தேடியும் அந்த வாயிலிருந்து ஒரு 'நாம' கிடைத்ததில்லை. "வாக்கியம் சரிதான்" என்றாள். "பதிலும் சரிதான். பண்ணிக்கலாம்."

தேர்வாளர் பக்கத்திலிருந்தவரிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கடைசி அத்தியாயத்தைத் திருத்த வேண்டாம் என்றார். பட்டத்துக்குப் பரிந்துரை செய்தாகிவிட்டது என்றும் சொன்னார். கூடத்தில் ஒரே கைத்தட்டல்.

கூட்டம் கலைந்து படிக்கட்டில் இறங்கும்போது கௌசிக் சண்முகவடிவின் முன்னால் வந்து கைகூப்பி நின்றான். அவனை மேலும் கீழும் பார்த்த அம்மாவின் முகம் இன்னும் பிடிகொடுக்கவில்லை. அவன் பதறிப்போய்க் கேட்டான்:

"அம்மா, நாங்க எல்லாரும் மாட்டுங்காவுல சாப்பிடப் போலாமா?"

சண்முகவடிவு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "போயிட்டு வாங்கய்யா. எங்களுக்கு வீட்டுல சோறு இருக்கு."

முத்துமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, அவன் விலாவில் ஓர் இடி இடித்தாள். "நாம."

"நாம" என்றான் கௌசிக் அவசரமாக. "நாம எல்லாரும்."

"அப்படிச் சொல்லு" என்று சண்முகவடிவு பேடா டப்பாவை அவன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.