முகத்துக்கும் குரலுக்கும் தனித்தனி நாற்காலி

1

இந்தக் கதை யோசித்துப் பிறந்ததல்ல. 'பன்முகத்தன்மை வாரம்' கொண்டாடினால்தான் அரங்கம் தருவோம் என்று எங்கள் பேட்டைத் திரைப்படச் சங்கத்திடம் மத்ரீத் நகராட்சி சொன்னதால் பிறந்தது. தலைவர் ஃபெர்மின் ஒரு பழைய குடும்பப் படத்தைத் தேர்ந்தெடுத்தார். மனைவியை இழந்த நோட்டரி, ஏழு மகள்கள், ஒரு கழுதை. கிறிஸ்துமஸ்தோறும் தொலைக்காட்சியில் போடுவார்கள். அதில் பன்முகத்தன்மை ஒரே ஒரு காட்சியில், பால் பாத்திரத்தோடு வருகிறது.

2

தொடக்கம் அ: "கினியாவிலிருந்து கப்பலேறிய அந்தக் கறுப்பழகி..."

[வேண்டாம். இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் பல்வரிசை வந்து நிற்கும்.]

தொடக்கம் ஆ: ரெஸ்டிடூட்டா ஓபோனோ ஓய்வுபெற்ற நர்ஸ். என் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறார். ஆப்பிரிக்காவில் கினியா ஸ்பெயினின் காலனியாக இருந்தபோது அங்கே பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர். அவருடைய ஸ்பானியத்தில் நான் பிழை கண்டதில்லை. மத்ரீதுக்குப் படிக்க வந்தபோது அந்தப் படத்தில் வேலைக்காரியாக நடித்தார். அப்போதெல்லாம் படம் எடுத்து முடித்தபிறகு குரலைத் தனியாகப் பதிவுசெய்வார்கள். படப்பிடிப்பில் ரெஸ்டிடூட்டா பேசியதை விட்டுவிட்டு, அவர் வாய்க்கு விசிதாசியோன் என்ற மத்ரீத்காரி பேசினார்: "அய்யா, பாலு பொங்கு! நானு பயந்து!"

(மீன்கடையில் இன்றும் ரெஸ்டிடூட்டாவைப் பார்த்தால் இதைத்தான் சொல்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். அது இன்னும் மோசம்.)

3

ஃபெர்மின் மேடையில் முகத்துக்கு ஒரு நாற்காலி, குரலுக்கு ஒரு நாற்காலி போட்டார். இரண்டு பெண்களும் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தார்கள்.

"அந்த எடத்துல சத்தத்த அணைச்சிடுங்க. என் வசனத்த நானே பேசிக்கிறேன்" என்றார் ரெஸ்டிடூட்டா.

"அய்யோ, ஜனங்க அந்த வசனத்துக்காகத்தான் வர்றாங்கம்மா. மாத்தினா என்னைக் கிழிச்சிருவாங்க" என்றார் ஃபெர்மின்.

"அம்பது வருஷமா என்னைக் கிழிக்கிறாங்க. இன்னிக்கு ஒரு நாள் நீங்க கிழிபடுங்க."

விசிதாசியோன் கைவிசிறியை மடக்கினார். "எனக்கு மட்டும் ஆசையா? எழுதிக் குடுத்தான், பேசினேன். அந்தப் படத்துல கைக்குழந்தையும் நான்தான், கழுதையும் நான்தான்."

"அதான் பாத்தேன். கழுதை எவ்வளவு தெளிவா பேசிச்சு!"

விசிதாசியோன் சிரித்துவிட்டார். இந்தக் கதைக்கு ஒரு வில்லி கிடைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். போய்விட்டாள்.

4

கடைசியில் ஃபெர்மினே சத்தத்தை அணைக்கச் சொன்னார். திரையில் இளம் ரெஸ்டிடூட்டா பால் பாத்திரத்தோடு ஓடிவந்தார். மேடையில் இருந்த ரெஸ்டிடூட்டா ஒலிவாங்கியைப் பிடித்து வாயைத் திறந்தார். அப்போது

[இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் பொய்யாகிறது.]

ஒன்றும் வரவில்லை.

"நான் என்ன சொன்னேன்னே மறந்துபோச்சு விசி. உன் வசனம்தான் நாக்குல வந்து நிக்குது."

"திருப்பிப் போடச் சொல்லு. உதட்டப் பாரு. நான் முடிச்ச பிறகும் உன் வாய் அசையும். 'மிச்சத்துக்கு என்ன பேசறது'ன்னு எழுதினவன்கிட்ட அப்பவே கேட்டேன். 'யாரும் அவ வாயப் பாக்க மாட்டாங்க'ன்னுட்டான்."

திரும்பப் போட்டார்கள். உண்மைதான். குரல் நின்றிருக்க வேண்டிய இடத்துக்கு அப்பாலும் அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தார். நீளமான, முழுமையான ஒரு வாக்கியம். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்.

5

முடிவு ஒன்று: நினைவு வருகிறது, கைதட்டல். [நடக்கவில்லை.]

முடிவு இரண்டு: கூட்டமே சேர்ந்து பழைய வசனத்தைக் கத்துகிறது. [அதுவும் நடக்கவில்லை. அவ்வளவு கெட்டவர்கள் இல்லை நாங்கள்.]

முடிவு மூன்று: நானே ஒரு நல்ல வாக்கியம் எழுதி அந்த வாயில் வைக்கிறேன். [ஏற்கெனவே ஒருவன் செய்த வேலை.]

ஆகவே கீழே ஓர் இடம் காலியாக இருக்கிறது. வாசகரே, பேனாவை எடுக்காதீர்கள், அது உங்களுக்கும் அல்ல. ரெஸ்டிடூட்டா மேல்மாடியில்தான் இருக்கிறார். ஞாபகம் வந்தால் இறங்கி வந்து அவரே எழுதிக்கொள்வார்.

"அய்யா, ______________________________"