மின்மினிக்கு ஒரே பட்டன்

மனைவி போனை எடுக்க எழுந்து போனதுதான் வினையாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் டிவிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து, அவன் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் உருவாகிக்கொண்டிருந்த கேமை விளையாடிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு சுரங்கம், கண்ணைக் கட்டுகிற இருட்டு. ஏறுவது, தாவுவது, அடிப்பதெல்லாம் அவன் கையிலிருந்த கண்ட்ரோலரின் வேலை. கூடவே பறக்கும் மின்மினி மட்டும் அவளுடையது. அதற்கு ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் மின்மினி கண்மூடித் திறப்பதற்குள் எரிந்து அணையும். அந்த வெளிச்சம் பட்டால்தான் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் ஒரு படி உண்டாகும், அதில்தான் அவன் கால் வைக்க முடியும். முன்னாலேயே அமுக்கிவிட்டால் அவன் வந்து சேர்வதற்குள் படி மறைந்துவிடும். ஆகவே அவன் முதலில் தாவவேண்டும், அவள் பிறகு எரிக்கவேண்டும். போன் வந்ததும் கண்ட்ரோலரைச் சோபாவில் போட்டுவிட்டுப் போனாள். அவன் அதற்குள் தாவிவிட்டான். யாரும் தொடாத கண்ட்ரோலர் சோபாவில் கிடக்க, திரையில் மின்மினி கச்சிதமாக எரிந்தது. படி வந்தது. அவன் காலும் பதிந்தது.

அவள் பார்த்துவிட்டாள்.

"அப்புறம் கூப்பிடறேன்" என்று போனை வைத்தாள். "இன்னொரு தடவை தாவுங்க."

"நீ வந்து உக்காரேன்."

"தாவுங்கன்னு சொன்னேன்ல."

தாவினான். மறுபடியும் எரிந்தது. அவன் திருதிருவென்று விழித்தான்.

ஸ்டுடியோவில் அவனுக்கு முள்ளு என்று பெயர். அவன் அமைக்கிற லெவல் எதுவும் ஆளைக் குத்திக் கிழிக்காமல் விடாது. டிவியில் மாட்டி ஆடுகிற கன்சோல் கேம் என்றால் நூறு தடவை செத்து, நூற்றோராவது தடவை ஜெயிப்பதுதான் என்பது அவன் கட்சி. போனில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது விரலால் தட்டுகிற விளையாட்டுகளைக் கண்டாலே முகம் சுளிப்பான். அப்படிப்பட்டவனிடம் போய் முதலாளி, "ரெண்டையும் கலந்து குடு. கேமே தெரியாத ஆளும் கேம்ல ஊறின ஆளும் ஒரே சோபால உக்காந்து ஆடணும்" என்று சொல்லிவிட்டார். முள்ளு ராத்தூக்கம் கெட்டு யோசித்து மின்மினியைக் கொண்டுவந்தான். எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் யாரோ ஒரு கத்துக்குட்டியின் கட்டைவிரல் தன்னுடைய தாவலைக் கெடுப்பதா என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. புதிய ஆள் அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் சரியான நேரத்தில் மின்மினி தானாகவே எரியும்படி உள்ளே ஒரு ஏற்பாடு செய்துவிட்டான். புதிதாக வருகிறவர்கள் தோற்றால் மனசு உடைந்துபோவார்கள் என்று முதலாளியிடம் காரணம் சொன்னான். அது பாதி உண்மை. கலக்கச் சொன்னதை அவன் கலக்கவேயில்லை, ஒன்றின் மேல் இன்னொன்றை ஒட்டிவைத்திருந்தான், அவ்வளவுதான்.

இந்தச் சூதெல்லாம் தெரியாமல் அவள் ஒரு வாரமாகக் குதூகலமாக இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து டிவிக்கு முன்னால் அவன் முதுகைப் பார்த்தே பழகியவள். இப்போது பக்கத்தில் இடம் கிடைத்திருந்தது. "நல்லவேளை, நீ காப்பாத்தினே" என்று அவன் சொல்லும்போதெல்லாம் முகம் மலர்ந்துபோகும். வேலை செய்யும் இடத்தில்கூட எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டாள். புதன்கிழமை கேமை வெளியிடப் போகிற கம்பெனியின் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் கேமே தெரியாத ஆளாக உட்கார்ந்து விளையாடப் போவது அவள்தான். அதற்கென்று புதுச் செருப்புகூட வாங்கிவிட்டாள்.

அவளுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கூப்பிட்டால் எடுத்துப் பேசவேண்டும். கண்ட்ரோலரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க பழைய லிஃப்ட் சிலதுல கதவு மூடுற பட்டன் வேலையே செய்யாது. உள்ள மாட்டிக்கிட்டு பதறுறவங்ககிட்ட அதை விட்டு விட்டு அமுக்கிட்டே இருங்க, ஆள் வந்துருவாங்கன்னு சொல்லுவேன். கை சும்மா இருந்தா பயம் தலைக்கேறிடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அது முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு நான் சொல்றது. நீங்க எனக்கே சொல்லிட்டீங்க."

"அப்படி இல்லடி. நீ தோத்துட்டா வருத்தப்படுவியேன்னுதான்..."

"நான் எங்க தோத்தேன்? நான் ஆடவே இல்லையே."

புதன்கிழமை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க அவன் இருப்புக்கொள்ளாமல் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தான். டிவியைப் போட்டான், அணைத்தான். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு, வேற்றார் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவளைப்போல் அவள் நடந்துகொண்டாள்.

மறுநாள் முதலாளியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "வரலைன்னா போகட்டும். வாட்ச்மேனை உக்கார வச்சுக்கலாம். யார் உக்காந்தா என்ன, அதான் தானா எரியுதே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். முள்ளுவுக்குச் சுருக்கென்றது. தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி உட்கார்ந்தான். அந்த ஏற்பாட்டை எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. முதலாளியிடம் மூச்சுவிடவில்லை.

"எடுத்துட்டேன். இனிமே நீ அமுக்கலைன்னா நான் செத்தேன்" என்றான் வீட்டுக்கு வந்ததும்.

அவள் நம்பவில்லை. கண்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே அமுக்காமல் இருந்தாள். அவன் தலைகுப்புற விழுந்து செத்தான். "அட" என்றாள். அப்புறம் நிஜமாகவே ஆட ஆரம்பித்தாள், ஆனால் ஆட்டம் படுமோசம். ஒன்று முன்னாலேயே அமுக்குவாள், இல்லாவிட்டால் அவன் விழுந்த பிறகு அமுக்குவாள். அவன் பல்லைக் கடித்தான், தொடையில் தட்டிக்கொண்டான். ஒரு கட்டத்தில் பொறுக்கமாட்டாமல், "கண்ணு எங்க இருக்கு உனக்கு, இப்பதானே அமுக்கணும்" என்று எரிந்து விழுந்தான். சொன்ன பிறகுதான் சுதாரித்து, தொலைந்தோம் என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் அவன் பாராட்டியதெல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒரு திட்டுக்கு ஈடாகாது என்பதுபோல் சம்மணமிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "இன்னொரு வாட்டி" என்றாள். அன்றைக்கும் அடுத்த நாளும் எத்தனையோ வாட்டி ஆடினார்கள். சின்னப் பள்ளங்களெல்லாம் கைவந்தன. கடைசியில் வருகிற பெரிய பள்ளத்தை மட்டும் ஒரு தடவைகூடத் தாண்டவில்லை.

புதன்கிழமை ஸ்டுடியோ அறையில் முள்ளுவையும் மனைவியையும் சேர்த்து மொத்தம் ஐந்து பேர். வெளியீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணியும் ஒரு இளைஞரும் வந்திருந்தார்கள். முதலாளி சிரித்த முகத்தோடு ஓரமாக நின்றிருந்தார். முதல் பள்ளத்திலேயே முள்ளு விழுந்தான். முதலாளியின் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. இரண்டாம் தடவை தாண்டினார்கள். அடுத்ததில் மூன்று தடவை செத்தான். வந்திருந்த பெண்மணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அது ஆர்வத்தாலா, பொறுமை போனதாலா என்று சொல்ல முடியவில்லை. பெரிய பள்ளம் வந்தது. விழுந்தான். திரும்ப விழுந்தான்.

முதலாளி குனிந்து அவன் காதோரம் வந்தார். "எதுல கை வச்சே? தானா எரியுற பழைய பில்ட் பக்கத்து மெஷின்லதான் இருக்கு. ரெண்டு நிமிஷம் சாக்கு சொல்லிட்டு மாத்து. இதுல பேரு கெட்டா கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மனைவியின் காதிலும் விழுந்தது. அவள் திரும்பி அவனைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொடிப்பொடியாக வேர்த்திருந்தது. கட்டைவிரல் பட்டனுக்கு மேலே தொட்டும் தொடாமலும் நின்றது. எழுந்து போய் மாற்றிவிடலாம். வந்திருக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. முதலாளியை விட்டால் தெரியப்போவது இவள் ஒருத்திக்குத்தான்.

"என்ன யோசனை?" என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க தாவுங்க."

அவன் தாவினான். பள்ளத்தின் நடுவே, காலடியில் ஒன்றுமே இல்லாத இருட்டில், அவனுடைய உருவம் போய்க்கொண்டிருந்தது. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் அவள் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள். மின்மினி இன்னும் எரியவில்லை.