நீண்டுபோன தீவு

அந்தத் தீவு வருடத்துக்கு ஒரு வீட்டு தூரம் நடந்தது. வெள்ளம் வடிந்ததும் பார்த்தால், ஆறு வந்து மோதுகிற தலைப்பக்கத்தில் ஒரு மனை கரைந்து போயிருக்கும். வால்பக்கத்தில் அதே அளவுக்குப் புது வண்டல் மினுமினுத்துக்கொண்டு கிடக்கும். அதனால் தலைமனைக் குடும்பம் மழைக்கு முன்பே பலகைச் சுவர்களைக் கழற்றி, தகரக் கூரையை இறக்கி, கட்டில், பாத்திரம், கோழிக்கூடு சகிதமாகத் தெருக்கோடிக்குப் போய்க் குடியேறும். அடுத்த வருடம் அடுத்த வீடு. முதல் வீட்டுக்காரர் கடைசி வீட்டுக்காரர் ஆவது அங்கே பால் விலை ஏறுவதுபோலச் சாதாரண விஷயம். பத்திரத்தில் மனை இருக்கும், மனை இருந்த இடத்தில் ஆறு இருக்கும். பத்திரத்தை யாரும் பூட்டி வைக்கவில்லை.

தையல்காரியின் வீடு தலைமனைக்கு வந்த வருடத்தில்தான் அக்கரையிலிருந்து கம்பெனி ஆள் படகில் வந்து இறங்கினார். இரும்பு உருக்காலை கட்டப் போகிறோம், இரண்டு பக்கமும் தண்ணீர் வேண்டும், இந்த இடம் அதற்கென்றே அமைந்தது என்று கை வீசிக் காட்டினார். அடுத்த வெள்ளத்தில் ஆறு தின்னப்போகிற மண். தையல்காரி முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், பாட்டன் சொத்தைப் பிரிகிற பாவனையில் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவருடைய படகு கண்ணுக்கு மறைகிறவரை தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள் ஒரு சிரிப்பு!

"ஆத்துக்குப் போகவேண்டியதை அந்தாளு தலையில கட்டிட்டீங்களே அண்ணி!" என்று நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பாவம், செங்கல் வந்து சேர்றதுக்குள்ள கரைஞ்சுடும்."

கரையவில்லை. ஆற்றடிப் பாறையைத் தொடும்வரை கம்பெனி இரும்புக் கம்பங்களை அடித்து இறக்கியது. கோடை முழுக்க அந்தத் தொம்தொம் சத்தம். கைக்குழந்தைகள் அது நின்றால்தான் விழித்துக்கொண்டு அழுதன. வெள்ளம் வந்தது, தலைப்பக்கத்தில் மோதியது, பல்லைக் கடித்தது, திரும்பிப் போனது. தீவுக்குப் பிடிபடாத சந்தோஷம். வீட்டைக் கழற்ற வேண்டியதில்லை என்றதும் முதல் தடவையாகச் சிமென்ட் தரை போட்டார்கள், சுவருக்குச் செங்கல் வைத்தார்கள், சிலர் மாமரம்கூட நட்டார்கள். கடைசியாகக் கழற்றப்பட்ட வீடு தையல்காரியுடையது. அது வால்கோடியில் நிலைத்தது. அவள் புருஷனுக்கு உருக்காலையில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. கெட்டிக்காரி என்று நாலு பேர் சொன்னபோது அவளும் மறுக்கவில்லை.

தலை அப்படியே நின்றது. வால் மட்டும் பழக்கதோஷத்தில் நடந்துகொண்டே இருந்தது.

முதலில் விஷயம் வெளிப்பட்டது சட்டையில். பழைய அளவிலேயே தைத்து அனுப்பு என்று சொல்லிவிட்ட அக்கரைக்காரர் ஒருவர், முழங்காலைத் தொடும் சட்டையைப் போட்டுக்கொண்டே படகேறி வந்துவிட்டார். "இது எனக்குத் தைச்சியா, எங்க வீட்டுத் தூணுக்குத் தைச்சியாம்மா?" தையல்காரி டேப்பை வைத்துப் பார்த்தாள். அளவு துல்லியமாக இருந்தது. டேப்பும் தீவோடு சேர்ந்து நீண்டிருந்தது. தெரு நீண்டது, துணிக்கொடி நீண்டது, கட்டில் நீண்டு காலடியில் இன்னொருவர் படுக்க இடம் வந்தது. அடுப்படியிலிருந்து பார்த்தால் வாசற்கதவு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சண்டைகள் ஓய்ந்தன. திட்டுவதற்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும். மனிதர்களின் கால்கள் மட்டும் பழைய அளவிலேயே இருந்தன. புகார் வந்து கம்பெனிப் பொறியாளர் தெருவை அளந்தார். அவருடைய டேப்பும் தீவிலேயே தங்கியிருந்ததால் கணக்கு சரியாக வந்தது. "வயசாகுது, அதான் நடக்க முடியல," என்றார், இன்னும் ஒரு நரைமுடி காணாத தையல்காரியிடம்.

நீண்ட அளவுக்குத் தீவு ஒல்லியாகவும் ஆனது. நடுவில் இடுப்பு மாதிரி ஓர் இடம் விழுந்தது. அங்கே நின்றால் இடது காலை ஆற்றின் ஒரு கிளையிலும் வலது காலை மறு கிளையிலும் கழுவலாம். உலைக்குப் பின்னால் கழிவு நீருக்காக வெட்டிய கறுப்புக் குட்டையும் சும்மா இருக்கவில்லை. வட்டமாக இருந்தது விலாங்கு மீன் மாதிரி நீண்டு, வீடுகள் ஆரம்பிக்கிற இடுப்புவரை நுனியை நீட்டிவிட்டது. அதன் பக்கம் போன கொக்குகள் திரும்பும்போது காக்கை நிறத்தில் திரும்பின. கிணற்றுத் தண்ணீரில் சாவிக்கொத்தை வாயில் வைத்த ருசி. துணி வெளுத்தால் பழுப்பாக வந்தது. சம்பளம் ஒழுங்காக வந்ததால் பழுப்பு நிறமே பழகிவிட்டது.

தையல்காரிக்குப் பழகாதது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் ஒரு பாயில் இடம் போதாமல் இடித்துக்கொண்டவர்கள் அவர்கள். உருக்காலை வந்த வருடம் அவன் மதியமே சைக்கிளில் வந்து தலைகாட்டிவிட்டுப் போனான். பிறகு இருட்டினால் வந்தான். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு, பாதி வழியில் விடுமுறை முடிந்துபோய், அங்கிருந்தே திரும்ப ஆரம்பித்தான். தெருவில் பாதித் தூரத்துக்கு அவனுடைய சைக்கிள் தடம் வந்து வளைந்து திரும்பியிருப்பதை அவள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

"கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார், சிரிக்காமல். "நீங்க வித்தது மனையையா, எங்கண்ணனையா?"

அந்த வருடம் ஆற்றின் மேல்பகுதியில் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. இடுப்பு வரப்பு அகலத்துக்கு வந்துவிட்டது. அறுந்தால் எந்தப் பக்கம் இருக்கிறோமோ அந்தப் பக்கம்தான். தையல்காரி மெஷினை மூடிவிட்டு விடிந்ததும் கிளம்பினாள். மறுநாள் மதியம் உலையடியில் போய் நின்றாள். கிரேன் கூண்டிலிருந்து அவன் எட்டிப் பார்த்தான்.

"நீ எங்க இந்தப் பக்கம்?"

"இறங்கி வாங்க. இடுப்பு அறுந்துடும் போல இருக்கு."

"யாரு இடுப்பு?"

"கிண்டலுக்கு நேரமாங்க இது? தீவோட இடுப்பு. வீட்டுக்கு வந்துடுங்க."

ஏணியில் பாதி இறங்கி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பயப்படாதே. பாறை வரைக்கும் கம்பம் இறக்கியிருக்கு. யானை வந்து முட்டினாலும் அசையாது."

"அதாங்க வினையே. நம்ம தீவு அசையணும்."

"மனையை வித்தவ பேசுற பேச்சா இது?" கோபமில்லாமல்தான் கேட்டான்.

"வித்தேன். கம்பெனியை ஏமாத்திட்டேன்னு நினைச்சேன். உங்களையும் சேர்த்து எழுதிக் குடுத்துட்டேன்னு இப்பதானே தெரியுது. வாங்க."

அவன் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துக்கொண்டான். குட்டையின் ஓரமாகவே நடந்தார்கள். அவள் பேசிக்கொண்டே போனாள்: கட்டிலின் நீளம், அக்கரைக்காரரின் சட்டை, அவனுடைய தங்கையின் வாய். அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அன்றைக்குப் பொழுது அவர்களோடு பொறுமையாக நடந்தது. இடுப்பை நெருங்கும்போது முன்னால் மண் சரியும் சத்தம். குட்டையின் நுனியில் கரை பிளந்து, கறுப்புத் தண்ணீர் விரல் கனத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. உடைந்தால் அது நேராகத் தெருவில் இறங்கிக் கிணற்றில் விழும். ஓரத்தில் கான்கிரீட் பலகைகள் அடுக்கியிருந்தன, கரை கட்டக் கொண்டுவந்த சின்ன கிரேனும் நின்றது. ஓட்ட ஆள்தான் இல்லை.

"நீ தாண்டிப் போ," என்றான். "இதைச் சாத்திட்டு வந்துடுறேன்."

"வருவீங்களா?"

"எங்க போகப்போறேன்? அறுந்தாலும் நடுவுல ஆறுதானே."

அவள் வரப்பைத் தாண்டிக் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தாள். அவன் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினான், கடைசிப் பலகையும் இறங்கியதும் கசிவு நின்றது. அதற்காகவே காத்திருந்ததுபோல இடுப்பு அறுந்தது. இழுத்துப் பிடித்த ரப்பர் துண்டு மாதிரி தீவின் வால்பாகம் சுருங்கித் துள்ளியது. வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன, சிமென்ட் தரைகள் பாய் மாதிரிச் சுருண்டன, மாமரங்கள் ஒரே குழியில் வந்து விழுந்தன. தெரு பழைய தெருவானது. நடக்காமல் விட்ட வருடங்களையெல்லாம் தீவு ஒரே பிற்பகலில் நடந்து தீர்த்தது. யாருக்கும் காயமில்லை, இரண்டு கோழிகள் மட்டும் பயத்தில் சேவல் மாதிரிக் கூவின.

உருக்காலை நடு ஆற்றில் கம்பங்களின்மேல் நின்றது, பக்கத்தில் கறுப்புக் குட்டையோடு. கம்பெனி பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனது. குட்டையை எடுத்துக்கொண்டு போக முடியாது என்று சொல்லிவிட்டது. அது உடைந்தால் ஆறு முழுக்கப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தீவிலிருந்து முறைவைத்து ஒரு குடும்பம் படகில் போய்க் கரைக்குக் காவல் இருக்கிறது. பலகை இறக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால், யார் முறையானாலும் கிரேன்காரன் கூடவே போகிறான்.

இடுப்பு அறுந்த மறுவாரம் அவன் வீடு திரும்பினான். வாசலில் நின்று வாயசைத்தான். சத்தம் வரவில்லை. ஈரத்தில் தொண்டை கட்டியிருக்கும் என்று தையல்காரி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் காலை அவன் குளிக்கப் போயிருந்தபோது, ஆளில்லாத வாசலில், "வந்துட்டேன்" என்று அவன் குரல் கேட்டது. தீவிலிருந்து போன நீளம் கொஞ்சம் அவனுக்குள் தங்கிவிட்டிருந்தது. காவலுக்குப் போய் வருகிற எல்லோரும் இப்போது அதில் கொஞ்சத்தைக் கொண்டுவருகிறார்கள், சிலருக்குக் குரல் வர அரை நாள் தாமதம், சிலருக்கு ஒரு நாள். வருடா வருடம் போகிறவனுக்குக் கூடுதல். தீவு மறுபடி வருடத்துக்கு ஒரு வீட்டு தூரம் நடக்கிறது; அவனோடு பேசுகிறவர்கள் அதற்குத் தக்கபடி பொறுத்துப் பேசுகிறார்கள்.

நேற்றுக் காலை மெஷின்மேல் நல்ல வெயில். நாத்தனார் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் அக்கரையில் கிரேனுக்கு டீசல் வாங்கப் போயிருந்தான். கட்டில் பக்கமிருந்து, மூன்று இரவுக்கு முன்னால் அவன் கேட்டது வந்து சேர்ந்தது.

"விளக்கை அணைச்சுடவா?"

தையல்காரி ஊசியில் நூலைக் கோத்தபடியே, "ம், அணைச்சுடுங்க," என்றாள்.