நீட்டிய விரல்

போர்க்காலச் சுவரொட்டிக் கண்காட்சிக்கு விளக்க அட்டை எழுதுவது மருமகளின் வேலை. அன்று அவள் மேசையில் விரித்திருந்த படத்தில் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையும், பார்ப்பவரை நோக்கி நீட்டிய ஒரு விரலும் இருந்தன. கீழே, "தண்ணீரைக் கொதிக்க வைத்தாயா?" என்ற கேள்வி. 'தாயைக் குற்றவாளியாக்கிப் பணியவைக்கும் உத்தி' என்று எழுதி, மாமியாரிடம் படித்துக் காட்டினாள்.

மாமியார் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எங்க தெருமுனையில இதை ஒட்டினாங்கம்மா, மூத்தவன் போன மறுவாரம். நான்தான் அவனைக் கொன்னுட்டேன்னு அன்னைக்கு நெனைச்சேன். இன்னைக்கும்தான்."

"உங்க மேல தப்பே இல்ல அத்தை. குழாய்லயே கெட்ட தண்ணிய விட்டுட்டு, பழியை அம்மாக்கள் தலையில கட்டிட்டாங்க."

"அப்படியா? ஆனா இதைப் பார்த்தப்புறம்தான் ரெண்டு தடவை கொதிக்க வைக்க ஆரம்பிச்சேன். அதனாலதான் உன் வீட்டுக்காரன் தங்கினான். இப்ப இதை நான் திட்டணுமா, கும்பிடணுமா? நீ படிச்சவ, சொல்லு."

மருமகள் எழுதியதை அடித்தாள். யோசித்துவிட்டு அதையே மறுபடி எழுதினாள்.

கணவன் உள்ளே வந்து சொம்பை எடுத்தான். "இன்னும் எத்தனை தடவைம்மா கொதிக்க வைப்பீங்க? சட்டியே கரைஞ்சிடும்" என்று சிரித்தபடி மடக்மடக்கென்று குடித்தான்.

அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த மருமகள், எழுதியதை மறுபடி அடித்தாள்.