எர்த் குழிக்கு இரண்டு குடம்

1

மனிதகுலம் தோன்றிய நாள்முதல் தேடிக்கொண்டிருப்பது ஒன்றைத்தான்: மௌனம்.

இந்த வரி என்னுடையதல்ல. பாலக்கோட்டில் வங்கி மேலாளராயிருந்து ஓய்வுபெற்ற தமிழ்மணி, எங்கள் இசை வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்தேகாலுக்குப் போட்ட கட்டுரையின் முதல் வரி. மொத்தம் பதினான்கு பத்தி. நான் எழுதி வைத்திருந்த தொடக்கம் வேறு: தமிழ்மணி வீட்டு ரெகார்டு பிளேயர் 'ங்ம்ம்ம்' என்றது.

கதை பிறந்தது அந்த ங்ம்ம்மில்தான். எனக்கு அது எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்க வழி கிடைத்தால் சொல்லமாட்டேன்.

2

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வட்டத்தின் மற்ற பதினோரு பேரும் அவர் வீட்டுக்கு வந்து, 'தூய ஒலி' என்றால் என்னவென்று கேட்டறிந்து, அவரையே ஆயுட்காலத் தலைவராக்குவதாக ஏற்பாடு. செல்போனில் பாட்டுக் கேட்பவர்களைக் 'காதிருந்தும் செவிடர்' என்று மூன்று வருடமாக வைதவர் அவர். (அந்தச் செவிடர்கள்தான் ஓட்டுப் போடவேண்டும்.)

இப்போது வெள்ளிக்கிழமை. தட்டு சுற்றவே வேண்டாம், ஆம்ப்ளிஃபயரைப் போட்ட மாத்திரத்தில் ங்ம்ம்ம். கட்டைவிரல் தடிமனில் ஒயர் மாற்றினார். பிளேயருக்கு அடியில் கிரானைட் பலகை வைத்தார். ஃப்ரிட்ஜை ஒருநாள் முழுக்க அணைத்துப் பார்த்தார். தோசைமாவு புளித்ததுதான் மிச்சம்.

3

எலக்ட்ரீஷியன் முனிராஜ் வருகிறார்.

(இங்கே ஒரு சந்தேகம். கதையில் ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறவன் ஞானியாக இருந்தே தீரவேண்டும் என்பது எங்களைப் போன்ற எழுத்தாளர்களுக்கு ஒரு வியாதி. முனிராஜ் ஞானி அல்ல. அவர் கைபட்ட நாளிலிருந்து என் வீட்டு ஃபேன் காற்றைக் கூரைக்குத்தான் அனுப்புகிறது.)

"எர்த்து காஞ்சு கெடக்குதுங்க சார். வூட்டுக்குப் பின்னால கருவேப்பிலைச் செடிகிட்ட எர்த்து கம்பி மண்ணுல எறங்குற குழி இருக்குதில்ல, அதுல ரெண்டு படி கல்லுப்பு போட்டு ரெண்டு கொடம் தண்ணி ஊத்துங்க. நின்னுரும்."

"இது அனலாக் சிஸ்டம், முனிராஜ். மாவு மில்லு இல்ல."

"கரண்டுக்கு அது தெரியாதுங்களே சார்."

"தண்ணி பாய்ச்ச நான் என்ன தக்காளியா போட்டிருக்கேன்?"

உள்ளேயிருந்து மனைவி நிர்மலாதேவி: "ஊத்தித்தான் பாருங்களேன். அவ்ளோ நீளத்துக்கு எழுதின கை, ஒரு கொடம் தூக்காதாங்க?"

தூக்கவில்லை. மௌனத்தைக் குடத்தால் வரவழைத்தேன் என்று எந்தக் கட்டுரையில் எழுதுவது?

4

ஞாயிறு. வானம் அன்று வெளுத்த ஒரு

(வானத்தை விடுவோம். எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள்.)

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தமிழ்மணி மனம் திருந்தி, காலையிலேயே குடத்தைத் தூக்குகிறார். கிழித்தேன், அவரை எனக்குத் தெரியும். மற்றதில் கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. அதையும் கிழித்தேன், எங்களையும் எனக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். ங்ம்ம்ம். ஊசியைத் தூக்கிய கை தட்டில் இறங்க மறுத்து அந்தரத்திலேயே நின்றது. காதுமடல் வரை சிவந்துபோய், மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அந்த நொடியில் உறுப்பினர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "ஆஹா! தம்பூரா!"

"சுத்தமான அஞ்சு கட்டை*," என்றார் ஜவுளிக்கடை அப்துல் ஷுக்கூர், அவரும் கண்ணை மூடி. "இதெல்லாம் போன்ல வருமாங்க? தலைவர் தலைவர்தான்."

பதினோரு தலைகளும் ஆடின. தமிழ்மணி வாயை மூடிக்கொண்டார்.

(* சுருதியின் உயரம். வீட்டு மின்சாரத்தின் முனகலும் ஏறத்தாழ அங்கேதான் நிற்கும். ஷுக்கூர் பாய் காதில் பழுதில்லை. கண்ணைத் திறந்திருக்கலாம்.)

கதவோரம் நின்ற நிர்மலாதேவிக்குக் கூட்டத்தின் ரசனை புரியவில்லை. புருஷன் முகம் மட்டும் தெரிந்தது. மனுஷன் வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறார், இனி இவரை நம்பிப் பயனில்லை என்று பின்பக்கம் போனாள். கல்லுப்பு இரண்டு படி. ஒரு குடம். இன்னொரு குடம்.

ங்ம்

நின்றுவிட்டது. வீடு முழுக்க மௌனம், மனிதகுலம் தோன்றிய நாள்முதல் தேடிய அதே சரக்கு.

ஷுக்கூர் கண்ணைத் திறந்தார். "ஏங்க, நல்லாத்தானே போயிட்டிருந்தது? தம்பூராவை ஏன் நிறுத்திட்டீங்க?"

5

தமிழ்மணி ஊசியைப் பிடித்தபடி இன்னும் நிற்கிறார். என்ன சொல்லவேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். உண்மையைச் சொன்னால் பதினோரு பேரும் மடையர்கள்; தன்னை மடையனாக்கியவனை யாரும் தலைவனாக்குவதில்லை. மறைத்தால் பதவி நிச்சயம். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் எர்த் குழியைக் காயப்போடவேண்டும், அதை நிர்மலாதேவிக்கு விளக்கவும் வேண்டும்.

என்னிடம் கேட்காதீர்கள். நான் நடுநிலையானவன் அல்ல. தப்பிக்கவும் வழி கிடைக்கவில்லை.

முதலில் "ஆஹா" சொன்னது நான்.