ரயில் வராத மலை

ஸ்டூலில் ஏறி நின்று தன் கல்யாணப் போட்டோவைக் கழற்றினாள் ஃபஹ்மிதா. கீழே கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார் அவளைப் பெற்ற அத்தா சித்தீக். விடியலில் சுபுஹு தொழ எழுந்தவர், கைகால் கழுவி ஒளூ செய்ய உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார்.

“உருவப்படம் ஒண்ணும் இருக்கக் கூடாதும்மா. மய்யித்து இருக்கிற வீடு, மலக்குமாருங்க வானத்துலேந்து இறங்கி வர்ற நேரம்” என்றார் பெரியத்தா மூஸா. தம்பி போன துக்கத்தை வேலை ஏவித்தான் அவர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

பேரப்பிள்ளைகளின் படங்களும் இறங்கின. மிச்சம் அத்தா எடுத்த தண்டவாளப் படங்கள்தான். கூத்தாநல்லூரில் செருப்புக் கடை வைத்திருந்த சித்தீக்குக்கு ஒரே ஒரு கிறுக்கு, மலைமேல் கைவிடப்பட்ட ரயில் பாதைகளைப் படம் எடுப்பது. திரும்பிய பக்கமெல்லாம் வயலாய்க் கிடக்கும் ஊரில் பிறந்தவருக்கு மலைமேல் அப்படியென்ன மோகமோ! வருஷத்துக்கு ஒருமுறை கடையைப் பூட்டிவிட்டுக் கேமராவோடு கிளம்பிவிடுவார். “வராத ரயிலுக்குக் கொடி காட்டப் போறாரு” என்று அவர் மனைவி லத்தீஃபா தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பாசி பிடித்த பாலம், புல் மூடிய தண்டவாளம், மரம் முளைத்த குகைவாசல். எதிலும் ஓர் ஆள் கிடையாது.

“இதுங்க இருக்கட்டும். உசிருள்ளது ஒண்ணுமில்ல” என்ற மூஸா, கடைசிப் படத்தருகே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “இது யாரு?”

தேயிலைச் செடிகளுக்கு நடுவே துருப்பிடித்த தண்டவாளம். அதன் குறுக்கே சாயங்கால வெயிலில் நீளமாக இரண்டு நிழல்கள். ஒன்று முழங்கையை மடக்கிக் கேமரா பிடித்திருந்தது. பக்கத்தில் குட்டையாய், முக்காடு போட்ட இன்னொன்று.

“ஆளு மாதிரித் தெரியுதே. இதையும் எடுத்துடும்மா.”

ஃபஹ்மிதாவின் கை சட்டத்தின்மேல் நின்றது. புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிகிறவரை அம்மா வாசல் தாண்ட முடியாது, இதே அறையில்தான் இருக்க வேண்டும். அத்தாவைப் பார்க்க வேறென்ன இருக்கிறது? பெரியத்தா இறக்கச் சொன்ன ஒன்றை மறுபடி மாட்டுகிற துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

லத்தீஃபா, மூலையில் இருந்தபடியே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அது நிழல்தானே மச்சான். நிழலுக்கு ஏது உசிரு?”

மூஸா படத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். தம்பி முழங்கையை மடக்கி நிற்கிற விதம் அவருக்குத் தெரியாதா? கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையில் வெகுநேரம் துடைத்தார்.

“கண்ணு சரியாத் தெரியல எனக்கு. இருக்கட்டும்.”

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்களெல்லாம் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போனார்கள். லத்தீஃபா தன் பாயை அந்தப் படத்துக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஒரே ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போனாரு. இன்னும் கொஞ்சம் மேல ஏறினா ஒரு பாலம் இருக்குன்னாரு. அதுக்குள்ள மழை வந்துருச்சு. அடுத்த தடவ பாத்துக்கலாம்னு இறங்கிட்டோம்.”

ஃபஹ்மிதா அழுதாள். அம்மா அழவில்லை.

“இத்தா கழியட்டும். நீ கூட்டிட்டுப் போறியா?”

“போவோம்மா.”

“கேமராவுக்குச் சார்ஜ் போடத் தெரியுமா உனக்கு?”

“இப்பவே எதுக்கும்மா?”

“போடு. அவரு வெறும் பேட்டரியா ஒரு நாளும் வெச்சதில்ல.”

அத்தாவின் பையைத் தேடியெடுத்து, பேட்டரியைச் சார்ஜரில் சொருகினாள். படத்துக்குக் கீழே, சுவிட்சுப் பலகையில், சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.